இந்தச் சாஸில் முந்திரி இல்லை

பிப்ரவரி 6

தம்பிக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டாய். எடுத்தாலும் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். மெயிலையாவது அந்த மீட்டிங்கில் மேஜைக்குக் கீழே வைத்துப் படிப்பாய்.

இணையத்தில் நீ எனக்குக் கட்டிக்கொடுத்த பிளாக் ஆமை மாதிரி நகர்கிறது. நேற்று மருந்துக்கடைக்கு ஓர் அம்மா வந்தாள். அவள் பிள்ளைக்கு முந்திரி ஆகாது. கவுன்ட்டரில் நிற்கிற நான்தான் அந்த பிளாக்கை எழுதுகிறவள் என்று தெரியாமல் என்னிடமே குறை சொல்கிறாள். "நல்லாத்தான் எழுதுறாங்க. ஆனா அந்தப் பக்கம் தொறக்கறதுக்குள்ள பிள்ளை பாக்கெட்டைப் பிரிச்சுத் தின்னே முடிச்சிடுவான்." நான் மருந்துச் சீட்டைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டேன். மானம் போயிற்று.

உன் மகள் ஒன்றரை வயதில் கேக்கில் இருந்த முந்திரித் துண்டைத் தின்று முகம் வீங்கிக் கிடந்தாளே, அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த வேலை. கடையில் விற்கிற ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு பக்கம். இது தின்னலாம், இது கூடாது. உன் வாலுவுக்காக எழுத ஆரம்பித்து, இப்போது முகம் தெரியாத எத்தனையோ அம்மாக்கள் கடைக்கு நடுவில் நின்று அதைப் பார்க்கிறார்கள். அவர்களை நிற்க வைத்துக் கால் வலிக்கச் செய்வதற்கா நீ கம்ப்யூட்டர் படித்தாய்?

சரிசெய். முடியாது என்றால் முடியாது என்று சொல், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

மிரட்டல் கிடைத்தது. வேறு ஆளைப் பார்க்கிறாயாம். உன் வாயைத் தாங்கிக்கொண்டு சும்மா வேலை செய்ய என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

வேலை முடிந்தது. என்ன செய்தேன் என்று சொன்னால் பாதியில் கொட்டாவி விடுவாய், இருந்தாலும் கேள். இதுவரை யாராவது உன் பக்கத்தைத் திறந்தால், சர்வர் ஒரு மூலையிலிருந்து எழுத்தையும், இன்னொரு மூலையிலிருந்து படத்தையும் தேடி எடுத்து, அந்த இடத்திலேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தது. அடுத்தவர் வந்து அதே பக்கத்தைக் கேட்டால் மறுபடி முதலிலிருந்து தையல். இப்போது எல்லாப் பக்கங்களையும் ஒரே தடவையாகத் தைத்து, மடித்து, அலமாரியில் அடுக்கிவிட்டேன். கேட்பவருக்கு எடுத்து நீட்டுவது மட்டும்தான் பாக்கி. ஸ்டாட்டிக் பக்கம் என்று பெயர். நீ புதிதாக ஒரு பதிவை வெளியிட்டால் அதுவும் தானாகவே தைக்கப்பட்டு அலமாரிக்குப் போய்விடும். நீ ஒரு விரலையும் அசைக்க வேண்டாம்.

நேற்றுச் சாப்பாட்டு மேஜையில் இவளிடம் கண்ணை மூடித் திறக்கச் சொன்னேன். திறப்பதற்குள் பக்கம் வந்துவிட்டது. "அட, மந்திரம் மாதிரி இருக்கே!" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வேலையை அவள் பாராட்டியது இதுதான் முதல் முறை, கெடுத்துவிடாதே.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உள்ளே போய்ப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. நீ எழுதுவதைவிடத் திருத்துவதுதான் அதிகம். ஒரே பொட்டலத்தின் பக்கத்தை எத்தனை தடவைதான் திருத்துவாய்? பிஸ்கட் செய்கிறவனே அவ்வளவு தடவை மாவைப் பிசைந்திருக்க மாட்டான்.

லீவுக்கு வருகிறாய் அல்லவா? வாலு கட்டிலில் பாதியை உனக்கு என்று தலையணை வைத்துப் பிரித்திருக்கிறாள். அவள் அம்மாவுக்கே அந்தப் பக்கம் படுக்க அனுமதி இல்லை.

தம்பி

மார்ச் 21

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

இந்த மரியாதையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்திருக்கும்.

முந்தாநாள் மாலை வாலுவுக்கு மூச்சு நின்றுபோகும் போல ஆகிவிட்டது. உதடு நீலமாகி, கழுத்தெல்லாம் தடித்து, என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள், சத்தம் வரவில்லை. காரில் பின்சீட்டில் இவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, இன்று காலைதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிழைத்துவிட்டாள். பிழைத்தது உங்களால் அல்ல.

அவள் தின்றது நீல உறை போட்ட ஓட்ஸ் பிஸ்கட். இவள் வாங்குவதற்கு முன்னால் கடையிலேயே நின்று உங்கள் பிளாக்கைப் பார்த்திருக்கிறாள். "முந்திரி கிடையாது, பயமில்லாமல் கொடுக்கலாம்" என்று உங்கள் கையால் எழுதியிருக்கிறது. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பொடி எழுத்தில் முந்திரி அரைக்கும் இயந்திரத்தில் செய்தது என்று இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான்தான் அதைப் படித்தேன்.

ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறீர்கள். பார்க்காமலே எழுதிவிட்டுப் பேர் வாங்கிக்கொள்கிறீர்கள். "அண்ணி எழுதினா கண்ணை மூடிட்டு வாங்கலாம்னு நம்புனேனே" என்று இவள் சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

லீவுக்கு நீங்கள் வர வேண்டாம். இனிமேல் எப்போதும் வர வேண்டாம். உங்கள் எண்ணை இரண்டு போனிலும் தடுத்து வைத்திருக்கிறோம்.

மார்ச் 22

டேய்,

அவர்கள், உங்கள் எல்லாம் உன்னோடு வைத்துக்கொள். உன் மூக்கைத் துடைத்துவிட்ட கை இது.

பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள், எனக்கு இரண்டு நாள் கழித்துத் திட்டுவதற்காகத்தான் சொல்கிறாய். உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். ஒரு மருந்துப் பாட்டிலைப் போட்டு உடைத்தேன். இப்போது எப்படி இருக்கிறாள்? சாப்பிடுகிறாளா? ராத்திரி மூச்சு சீராக வருகிறதா? வரும் வாரமும் கூடவே படுத்துக் கவனியுங்கள். இதற்கு மட்டுமாவது பதில் எழுது. மற்றதற்கு எழுதாவிட்டாலும் போகட்டும்.

இப்போது மற்றது. அந்த பிஸ்கட் பக்கத்தை நான் திருத்திவிட்டேன். இந்த மாதம் பிறந்து சில நாளிலேயே பக்கத்து மளிகைக் கடைக்குப் புதுச் சரக்கு வந்தது. உறை அதே நீலம், உள்ளே வேறு. அடியில் அந்தப் பொடி எழுத்து புதிதாகச் சேர்ந்திருந்தது. கையில் மற்றச் சாமான்களை வைத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடி வந்து, "இனி இது கூடாது. கம்பெனி மாற்றிவிட்டது. வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள்" என்று பக்கத்தின் தலையிலேயே சிவப்பு எழுத்தில் போட்டேன். பழைய வரியை அடியோடு எடுத்துவிட்டேன். உன் வீட்டில் விபத்து நடப்பதற்கு எத்தனையோ நாள் முன்னால்.

இதோ இதை அடித்துக்கொண்டிருக்கும்போதும் அந்தப் பக்கம் எனக்கு எதிரே திறந்திருக்கிறது. சிவப்பாக, கொட்டை எழுத்தில். உன் பெண்டாட்டி எந்தப் பக்கத்தைப் பார்த்தாள் என்று அவளைக் கேள். என்னைக் கேட்காதே.

அக்கா

மார்ச் 23

அக்கா அவர்களுக்கு,

வாலு நன்றாக இருக்கிறாள். நேற்று இரவு தோசைக்கரண்டியால் என்னை அடித்தாள்.

பிஸ்கட் பக்கம் எனக்கு எதிரேயும் திறந்திருக்கிறது. சிவப்பு எழுத்து எதுவும் இல்லை. "பயமில்லாமல் கொடுக்கலாம்" என்பதுதான் இருக்கிறது. என் போனில் பார்த்தேன், இவள் போனில் பார்த்தேன், ஆபீசில் பக்கத்து மேஜைக்காரனைப் பார்க்கச் சொன்னேன். எல்லாருக்கும் அதேதான். திரையைப் படம் பிடித்து இணைத்திருக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

தப்பு செய்வது மனித இயல்பு. செய்த தப்பை ஒத்துக்கொள்ளாமல், குழந்தை சாகக் கிடந்த பிறகும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பது உங்களால் மட்டும்தான் முடியும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். நான் உடைத்ததாகச் சொல்லி எத்தனை கண்ணாடி டம்ளர்!

இதற்கு மேல் எழுதாதீர்கள்.

மார்ச் 24

எழுதுவேன்.

என்னை வாயாடி என்று சொல், கோபக்காரி என்று சொல், கேட்டுக்கொள்கிறேன். பொய்க்காரி என்று இதுவரை என்னை யாரும் சொன்னதில்லை. அதுவும் வாலுவின் உயிர் விஷயத்தில்! அந்தக் குழந்தைக்கு ஒரு மிட்டாய் வாங்க வேண்டும் என்றால் நான் கடையில் நிற்கிற நேரத்தில் மற்றவர்கள் வீட்டுச் சாமான் முழுக்க வாங்கி முடித்துவிடுவார்கள். உனக்குத் தெரியாதா? நீயே கேலி செய்ததில்லையா?

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். எப்படிச் செய்தாய் என்று தெரியவில்லை. பழைய படமாக இருக்கும். இதோ நானும் என் கம்ப்யூட்டர் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன், இன்று எடுத்தது. மேலே கறுப்புப் பட்டையில் எப்போதும் போல எனக்கு வணக்கம் சொல்கிறது, அதன் பக்கத்தில் "திருத்து" என்ற பொத்தான், அதற்குக் கீழே சிவப்பு எழுத்து. கண் இருந்தால் பார்.

டம்ளர்களை உடைத்தது நீதான்.

அக்கா

மார்ச் 27

அக்கா,

படம் கிடைத்தது. பார்த்தேன்.

பக்கம் இப்போது எல்லாருக்கும் சரியாகத் தெரிகிறது. யார் எப்போது என்ன செய்தார்கள் என்று கிளறிக்கொண்டே இருப்பதில் யாருக்கும் லாபமில்லை. நானும் அன்றைக்கு ஆத்திரத்தில் இரண்டு வார்த்தை கூடுதலாக எழுதிவிட்டேன். வாலு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். இதோடு விட்டுவிடலாம்.

லீவு விஷயம் கொஞ்ச நாள் போகட்டும். இவள் இன்னும் கோபமாக இருக்கிறாள்.

தம்பி

மார்ச் 30

விட்டுவிடலாமா? நீ சொன்னால் பிடிக்கவும் நீ சொன்னால் விடவும் நான் என்ன கயிறு இழுக்கும் போட்டியிலா நிற்கிறேன்?

நீ "விட்டுவிடலாம்" என்று எழுதிய அன்றைக்கே உன் பெண்டாட்டியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தடுத்து வைத்த எண்ணை எனக்கு இதை அனுப்புவதற்காகவே திறந்திருக்கிறாள். அப்படியே எழுதுகிறேன்: "நேத்து வரைக்கும் இல்லாத சிவப்பு எழுத்து இன்னைக்கு எப்படி வந்துச்சு அண்ணி? மாட்டிக்கிட்டதும் மாத்திட்டீங்க, இல்ல? தப்பைக்கூட மன்னிச்சிருப்பேன். இதை மன்னிக்க மாட்டேன்."

அதைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்க அழுதேன். அழுது முடித்ததும்தான் மூளை வேலை செய்தது. நேற்றுவரை அவளுக்குத் தெரியாதது இன்று எப்படித் தெரிந்தது? நான் அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை. அப்படியென்றால் தொட்டது யார்?

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் மருந்துக்கடையில், புதுச் சரக்கு வந்தும் முன்வரிசையில் பழைய டப்பாவே இருந்தால், உள்ளே இருக்கிற எனக்குப் புதுசு தெரியும், வெளியே நிற்கிறவருக்குப் பழசுதான் தெரியும். அந்த மாதிரி ஏதாவது இருக்குமோ என்று சோதித்துப் பார்த்தேன். தக்காளி சாஸ் பற்றி எப்போதோ எழுதிய பக்கம் ஒன்று இருக்கிறது. அதில் "இந்தச் சாஸில் முந்திரி இல்லை" என்பதுதான் கடைசி வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: "இந்த பிளாக்கைக் கட்டிய என் தம்பிக்கு முதுகெலும்பு இல்லை."

என் திரையில் அழகாகத் தெரிகிறது. கடையில் என்னோடு வேலை செய்கிற பெண்ணின் போனில் திறந்து பார்த்தேன். வரியைக் காணோம். மதியம் பார்த்தேன், சாயங்காலம் பார்த்தேன், காணவே காணோம்.

ஆக, நான் திருத்துகிறது எனக்கு மட்டும்தான் தெரிகிறது. ஊருக்கு நீ அலமாரியில் அடுக்கி வைத்த பழசுதான் போகிறது. நான் புதிதாக எழுதினால் தைத்து வைக்கும் உன் மெஷின், பழசைத் திருத்தினால் கண்டுகொள்வதே இல்லை. நான் எழுதுவதைவிடத் திருத்துவது அதிகம் என்று எனக்கே எழுதிச் சிரித்தவன் நீ. சிரிக்கத் தெரிந்தவனுக்கு அதற்கு ஒரு வழி செய்ய மட்டும் தோன்றவில்லை.

அது அசட்டையில் நடந்த தப்பு. அதற்கு உன்னை நான் கொல்ல மாட்டேன். ஆனால் என் படத்தைப் பார்த்ததுமே உனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு, ஓசைப்படாமல் பக்கத்தைப் புதுப்பித்துவிட்டு, உன் பெண்டாட்டி என்னைக் கள்ளி என்று நினைக்கும்படி விட்டுவிட்டு, எனக்குப் பெரிய மனுஷன் மாதிரி "விட்டுவிடலாம்" என்று எழுதுகிறாய். இதற்காகத்தான் உன்னைக் கொல்லலாம் போல இருக்கிறது.

அந்த முதுகெலும்பு வரியை நான் எடுக்கப் போவதில்லை. அது உள்ளே காத்துக்கொண்டிருக்கிறது. நீ மெஷினை ஒழுங்காகச் சரிசெய்து மறுபடி எல்லாவற்றையும் தைத்தால், அதுவும் சேர்ந்து வெளியே வரும். சரிசெய்யாவிட்டால் இன்னொரு வீட்டில் இன்னொரு குழந்தை. எது வேண்டும் என்று நீயே பார்த்துக்கொள்.

எனக்கு உன் மன்னிப்பு வேண்டாம். உன் பெண்டாட்டிக்கு உண்மை தெரிய வேண்டும். வாலு வளர்ந்து, அத்தைதான் தன்னைக் கொல்லப் பார்த்தாள் என்று நினைக்கக் கூடாது.

ஏப்ரல் 4

அக்கா,

எல்லாமே நீ எழுதியபடிதான்.

பட்டையில் உனக்கு வணக்கம் சொல்கிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நீ லாகின் செய்து உள்ளே போய் எழுதுகிறவள். உள்ளே இருப்பவருக்கு சர்வர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்காது, அந்த நிமிஷமே தைத்துக் கொடுக்கும். அதனால்தான் உனக்குச் சிவப்பு, எங்களுக்குப் பழசு. புதுப் பதிவு வந்தால் தைக்கச் சொல்லியிருந்தேன். திருத்தினால் தைக்கச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரே ஒரு வரிக் கட்டளை. என் மகளின் தொண்டை அடைத்தது அந்த வரி இல்லாததால்.

ஏன் சொல்லவில்லை என்றால், பயம். ஆஸ்பத்திரியில் இவளுடைய அம்மா அப்பா முன்னால் நின்று உன்னைத் திட்டாத திட்டு இல்லை. அப்படிக் கத்திவிட்டு, மறுவாரம் போய் "செய்தது நான்தான்" என்று எந்த முகத்தோடு சொல்வது? பக்கத்தைப் புதுப்பித்துவிட்டால் தானாக அடங்கிவிடும் என்று நினைத்தேன். இவள் உனக்கு அப்படி எழுதுவாள் என்று நினைக்கவில்லை. எழுதினாள் என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று இவளை உட்கார வைத்து, என் கம்ப்யூட்டரில் லாகின் செய்து சாஸ் பக்கத்தைக் காட்டினேன். பிறகு அவள் போனில் அதே பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். ஒன்றில் நீ திட்டிய வரி இருந்தது, மற்றதில் இல்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "முன்னாடி உங்க அக்கா பக்கம் தொறக்க நேரமாகும்ல? அது சுத்திக்கிட்டு இருக்கிறப்போ நான் சும்மா நிக்காம பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிச்சிட்டு இருப்பேன். அன்னைக்கு டக்குனு வந்துச்சு. அதனால நான் திருப்பிப் பார்க்கவே இல்லை" என்றாள். எழுந்துபோய் வாலுவின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு ஹாலில் சோபா. இன்னும் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை. அவள் அம்மாவுக்கு அவளே போன் செய்து சொல்லிவிட்டாள். என் போனிலும் உன் எண்ணைத் திறந்துவிட்டேன்.

இப்போது நீ ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அந்தப் பக்கம் உடனே புதிதாகத் தைக்கப்படும். முடித்துவிட்டு எல்லாப் பக்கங்களையும் மறுபடி தைத்தேன். சாஸ் பக்கத்தில் கை வைக்கவில்லை. உன் வரி ஊருக்கே தெரிகிறது. ஆபீசில் பக்கத்து மேஜைக்காரன் படித்துவிட்டு என் முதுகைத் தடவிப் பார்த்தான். பிஸ்கட் பக்கத்தின் மேலே, இந்த எச்சரிக்கை இத்தனை நாள் வெளியே வராமல் போனதற்குக் காரணம் பிளாக்கைக் கட்டியவன்தான், எழுதியவர் அல்ல என்று நானே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதை நீ எடுக்கக் கூடாது.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. தலையணை அப்படியே இருக்கிறது. அதை மட்டும் சொல்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 7

தம்பிக்கு,

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இளிக்காதே. அன்றைக்கு நீ எழுதிய கடிதத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "பிழைத்தது உங்களால் அல்ல" என்று எழுதினாய் பார், அந்த வரிக்கு எந்த மெஷினிலும் திருத்தம் கிடையாது.

உன் பெண்டாட்டி நேற்றுப் போன் செய்தாள். முதலில் இரண்டு பேரும் அழுதோம். பிறகு உன்னைத் திட்டினோம், அதில்தான் பேச்சு கூடி வந்தது. சோபாவிலேயே இரு. நான் வந்து முடிவு சொல்கிறேன்.

லீவு தொடங்கியதும் வருகிறேன். வாலுவைப் பார்க்க, உன்னைப் பார்க்க அல்ல. ஸ்டேஷனுக்கு நீ வராதே, அவர்கள் இரண்டு பேரும் வந்தால் போதும். பிஸ்கட் பக்கத்தின் தலையில் பெரிதாக ஒரு வரி போட்டிருக்கிறேன்: இதைப் படித்தாலும் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். அதை எல்லாப் பக்கத்திலும் வரும்படி செய், அது உன் வேலை.

உன் மெஷினை நம்பாமல் இன்று காலை கடையில் நானே ஒரு சோதனை செய்தேன். சாஸ் பக்கத்தைத் திறந்து, கடைசி வரியை அழித்து, சேமித்தேன். அந்தப் பெண் மருந்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் போனை வாங்கிப் பார்த்தேன். இந்தச் சாஸில் முந்திரி இல்லை என்பதோடு பக்கம் முடிந்திருந்தது.

அக்கா